விழிப்புணர்வு முகாமுக்கு நீங்களும் வாருங்கள்: கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் ஒரு மாவட்டத் தலைநகரை ஒட்டியிருக்கும் கலை அறிவியல் கல்லூரியில் படிக்கிறோம். பெண்களின் உடல்நலம், பாதுகாப்பு, சமத்துவம் என்று தலைப்பு வைத்து இந்த ஆண்டு ஒரு பிரச்சாரம் நடத்தினோம். கல்லூரியின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். பெயர் போட்டால் "அது அந்தக் காலேஜ் பிரச்சினை" என்று மற்றவர்கள் நகர்ந்துவிடுவீர்கள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் தோழிகளிடம் விசாரித்தவரை, கட்டடத்தின் பெயிண்ட் மட்டும்தான் மாறுகிறது.

முதலில் நன்றி. ஆடிட்டோரியம் கொடுத்தீர்கள், மைக் செட் கொடுத்தீர்கள், ஃபிளெக்ஸுக்குக் காசு கொடுத்தீர்கள். மார்ச் 8 அன்று கோலப்போட்டி நடந்தது, அடுப்பில்லாச் சமையல் நடந்தது, சிறப்பு விருந்தினர் எங்களைத் தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு கிளம்பினார். எல்லாவற்றையும் ஜியோ டேக் போட்டுப் படம் எடுத்தாயிற்று. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்து பாலின சமத்துவத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்குக் கோப்பு தயார். (கோலப்போட்டியில் பரிசு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. கோலத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.)

கோபம் வேறு இடத்தில். இந்த விழிப்புணர்வு எல்லாமே எங்களைப் பார்த்தே நடக்கிறது. எந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எந்த ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ள வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று எங்களுக்கே சொல்கிறீர்கள். மாணவிகளுக்கு விவரம் தெரியாததுதான் நோய் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். எங்கள் பிரச்சாரத்தில் நாங்கள் கண்டது வேறு. பல விஷயங்கள் பெண்களுக்கு நன்றாகவே தெரிகின்றன. தெரிந்ததைச் செய்யத்தான் இடம் இல்லை. அந்த இடத்தை உண்டாக்கித் தரக்கூடியவர்கள் நீங்கள். விழிப்புணர்வு பெற வேண்டியவர்கள் பட்டியலில் உங்கள் பெயர்தான் இல்லை.

ரத்த தான முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.எஸ்., யூத் ரெட் கிராஸ் சார்பில் ஆண்டுதோறும் நடத்துகிறீர்கள். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எடை 45 கிலோ இருக்க வேண்டும். பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், விரலில் குத்திப் பார்க்கிறார்கள், "உனக்குக் கம்மியா இருக்கும்மா, போ" என்று திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பியவள் சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய அளவு எவ்வளவு என்று எங்கும் எழுதப்படுவதில்லை. கொடுத்தவர்களுக்குச் சான்றிதழும் ஜூஸும் உண்டு. 9 என்று காட்டிய பெண்ணிடம் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அந்தப் பாதிப் பேரை உங்கள் முகாமே கண்டுபிடித்துத் தருகிறது. கண்டுபிடித்த கையோடு தொலைத்துவிடுகிறீர்கள்.

இதே பெண்கள் பள்ளியில் படித்தபோது வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வகுப்பிலேயே கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கினும் கிடைத்தது. கல்லூரிக்கு வரும்போது, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. அரசு பள்ளிவரை கைபிடித்துக் கூட்டி வந்து, செலவுக்குப் பணமும் கொடுத்து உங்கள் வாசலில் விட்டிருக்கிறது. வாசலுக்கு உள்ளே மாத்திரையும் இல்லை, நாப்கினும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் மருத்துவரும் செவிலியரும் வந்து முதலாமாண்டு மாணவிகள் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுப் போவார்கள். குறைவாக இருப்பவர்களுக்கு மாத்திரை இலவசம். டீ குடித்த கையோடு மாத்திரை போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது என்பதையும் செவிலியரே சொல்லிவிடுவார். உங்களுக்குச் செலவு கடிதத்தின் தாள் மட்டும்.

அப்புறம் கழிப்பறை. இதைப் பற்றி எழுத வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறோம். எங்கள் பிளாக்கில் பெண்கள் கழிப்பறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவள் ஒரு தோழியைக் கூட்டிப் போய் வெளியே கதவைப் பிடிக்கச் சொல்கிறாள். பக்கெட் உண்டு, மக் இருக்காது. மூடி போட்ட குப்பைத் தொட்டி இல்லாததால் பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றிப் பையிலேயே வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை வகுப்பில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். சுவரில் நாப்கின் மெஷின் மாட்டியிருக்கிறது. திறப்பு விழாவில் வெட்டிய ரிப்பனின் ஒரு துண்டு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் உள்ளே விழும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இதன் விளைவு என்ன தெரியுமா? காலை ஆறு மணிக்குக் கல்லூரிப் பேருந்து ஏறுகிற பெண் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுவருவாள், அப்படியே திருப்பி எடுத்துப் போவாள். பிரச்சாரத்துக்குப் பேச வந்த பெண் மருத்துவர், சிறுநீர்ப் பாதைத் தொற்று வராமலிருக்க நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள் என்றார். அரங்கம் முழுக்கத் தலையாட்டியது. வெளியே வந்ததும் பின்வரிசையில் இருந்த ஒருத்தி, "டாக்டருக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியும், நம்ம பாத்ரூம் அவங்களுக்குத் தெரியாதே" என்றாள். எங்கள் பிரச்சாரத்தின் மொத்தச் சாரமும் அந்தப் பேச்சில் வந்துவிட்டது.

அந்த நிகழ்ச்சியில் பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைத்திருந்தோம். மாணவர்களும் போடலாம் என்றோம். கேலி செய்து நாலு சீட்டு வரும் என்று எதிர்பார்த்தோம், வந்தது. ஆனால் அதோடு இதுவும் வந்தது: "என் அக்கா மாதாமாதம் வலி தாங்க முடியாமல் சுருண்டு படுக்கிறாள். மாத்திரை போட்டால் பிற்பாடு குழந்தை பிறக்காது என்று அம்மா போடவிட மாட்டார். உண்மையா?" உண்மை இல்லை, மருத்துவர் சொல்லும் வலி மாத்திரையைச் சாப்பிடலாம், வேலையே செய்ய முடியாத அளவுக்கு வலி என்றால் கட்டாயம் காட்ட வேண்டும், அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று மருத்துவர் பதில் சொன்னார். பையன்கள் பக்கம் ஒரே அமைதி. அடுத்த முறை பெண்களுக்கு மட்டும் என்று தனியாகக் கூட்டம் போடச் சொல்லாதீர்கள். அந்த அக்காவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கக்கூடியவன் அந்தத் தம்பிதான்.

வருகைப்பதிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கேரளாவில் 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதவிடாயைக் கணக்கில் கொண்டு மாணவிகளுக்கு வருகையில் 2 விழுக்காடு தளர்வு கொடுத்தது. மாணவர் சங்கம் கேட்டுப் பெற்றது அது. அதே மாதம் கேரள அரசு அதை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. 75-க்குப் பதில் 73 இருந்தால் போதும். இங்கே நாங்கள் 75-க்குக் கீழே போனால் அபராதம் கட்டி மன்னிப்பு வாங்குகிறோம்.

இனி பாதுகாப்பு. 1998 ஜூலையில் சென்னையில் கல்லூரி மாணவி சாரிகா ஷா, ஆட்டோவில் வந்த கும்பலின் சீண்டலால் கல்லூரிக்கு வெளியே கீழே விழுந்து காயப்பட்டு உயிரிழந்தார். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. நாம் சட்டம் போட்டதற்குப் பின்னால் ஒரு கல்லூரி வாசல் இருக்கிறது. 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான மத்தியச் சட்டம் வந்தது. அதைக் கல்லூரிகளுக்குப் பொருத்திப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) போட்ட 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 2016 மே மாதம் அரசிதழில் வெளியானது. அதை நாங்கள் உட்கார்ந்து வரிக்கு வரி படித்தோம். நீங்களும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். படித்திருந்தால் எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகை அப்படி இருக்காது.

பலகையில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவின் பட்டியல் ராகிங் தடுப்புக் குழுவுக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. தலைவராகப் போட்டிருந்த பேராசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். உறுப்பினர்களில் ஒருவர் மிக உயர்ந்த நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்; துறைத் தலைவர், டீன், பதிவாளர் போன்றவர்கள் குழுவில் இருக்கக் கூடாது என்பது விதி. மாணவப் பிரதிநிதி என்று ஒரு பெயர் இருந்தது. எங்கள் சீனியர் அக்கா அவர், துறையிலேயே முதல் மதிப்பெண். அவரிடம் போய்க் கேட்டோம். "நானா? என்ன கமிட்டி?" என்றார். மாணவர் தொடர்பான புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று ஒழுங்குமுறை சொல்கிறது. ஹெச்.ஓ.டி. நல்ல பிள்ளையாகப் பார்த்துக் கைகாட்டுவதைத் தேர்தல் என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

தேர்தலை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்றால், புகார் கொடுக்க முதலில் ஒரு முகம் வேண்டும். தனக்கு நடந்ததை ஒரு பெண் எடுத்த எடுப்பில் பேராசிரியரிடம் போய்ச் சொல்லமாட்டாள். தான் ஓட்டுப் போட்ட அக்காவிடம் சொல்வாள், சொல்லித்தான் பார்ப்போமே என்று.

அதைவிடப் பெரிய பயம் இன்டர்னல் மார்க். 25 மதிப்பெண் ஒருவர் கையில் இருக்கும்போது அவரைப் பற்றி எழுதிக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? ஒழுங்குமுறையில் இதற்கும் வழி இருக்கிறது. விசாரணை நடக்கும்போதே, புகார் சொன்ன மாணவியின் தேர்வையோ வேலையையோ எதிர்த்தரப்பு ஆசிரியர் மதிப்பிடாமல் தடுக்கலாம். புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம்வரை விடுப்பு தரலாம். 90 நாளில் விசாரணையை முடித்தாக வேண்டும். இந்த வரிகளை எங்கள் கூட்டத்தில் தமிழில் வாசித்தபோது, "இப்படியெல்லாம்கூட இருக்கா?" என்று கேட்டவர்கள் மாணவிகள் மட்டுமில்லை, கௌரவ விரிவுரையாளர்கள் இரண்டு பேரும்தான். அவர்களுக்கும் அதே பயம்தான். வேலை நீட்டிப்பு என்பது அவர்களுடைய இன்டர்னல் மார்க்.

இவ்வளவும் இருந்தும் புகார் வராததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதை உங்களிடம் வேறு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. புகார் கொடுத்தால் முதல் போன் வீட்டுக்குப் போகிறது. குழு கூடுவதற்கு முன்பே, எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்பே, அப்பாவைக் கூப்பிட்டுவிடுகிறீர்கள். நீங்கள் பொறுப்போடு நடந்துகொள்வதாக நினைத்துத்தான் செய்கிறீர்கள். அந்த அப்பா மறுநாள் வந்து டி.சி. கேட்கிறார், அல்லது சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை பார்க்கிறார். துன்புறுத்தியவன் பட்டம் வாங்குகிறான், புகார் சொன்னவளுக்குப் படிப்பு போகிறது. இது நடந்ததைப் பார்த்தவர்கள் அடுத்துப் புகார் கொடுப்பார்களா? நாங்கள் 18 வயது தாண்டியவர்கள், ஓட்டுப் போடுகிறோம். புகார் கொடுத்தவர் யார், என்ன புகார் என்பதை வெளியிடக் கூடாது என்று 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அவள் "வீட்டுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டால் சொல்லுங்கள், அவள் கேட்காமல் போனை எடுக்காதீர்கள்.

2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது, அறிக்கை எழுதப்பட்ட விதத்தையும் கண்டித்தது. 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தாறு மாதத்தில் தீர்ப்பு வந்ததென்றால், அதற்கு முதல் காரணம் அந்த மாணவி பின்வாங்காமல் நின்றது.

அந்தச் சம்பவத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? எங்கள் விடுதியில் கேட் மூடும் நேரம் முன்னுக்கு வந்தது. பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே, ஆண்கள் ஒன்பதரை வரை வெளியே. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கிறது, யாருக்காக என்று தெரியவில்லை. பிளேஸ்மென்ட் பயிற்சி ஐந்தரைக்கு மேல் இழுத்தால் எங்கள் பாதிப் பேருக்கு அது கிடையாது. ஒருநாள் அவுட்பாஸ் வாங்க வார்டன் கையெழுத்து, மென்ட்டர் கையெழுத்து, அப்பாவின் போன், அதுவும் அவர் பதிவு செய்த நம்பரிலிருந்து. அப்பா கட்டட வேலையில் சாரத்தின் மேல் நிற்கும் நேரத்தில் போன் எடுக்காவிட்டால் பெண் ஊருக்குப் போக முடியாது. இருட்டான பாதைக்கு விளக்கு போடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், பாதையை மூடிவிட்டார்கள்.

இதே யு.ஜி.சி. ஒழுங்குமுறையில் இதற்கும் இடமிருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மாணவியர் விடுதியில் போடக் கூடாது; வளாகப் பாதுகாப்பு என்பது பெண்களைக் கண்காணிப்பதாகவும் நடமாட்டத்தைக் குறைப்பதாகவும் ஆகிவிடக் கூடாது. 2015-இல் டெல்லியில் மாணவிகள் விடுதிக் கட்டுப்பாடுகளை எதிர்த்து "பிஞ்ச்ரா தோட்", அதாவது கூண்டை உடை என்று இயக்கமே நடத்தினார்கள். 2019-இல் திருச்சூர்க் கல்லூரி விடுதி மாணவிகள் தொடுத்த வழக்கில், நிர்வாகம் தன் ஒழுக்கப் பார்வையை மாணவிகள் மேல் திணிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும் எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. மாணவிகள் கேட்பது ஏதோ புதுப்பழக்கம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

பெற்றோர்தான் இந்தக் கட்டுப்பாடுகளைக் கேட்கிறார்கள் என்பீர்கள். சரி, கேட்கிறார்கள், கட்டுப்பாடு இல்லாவிட்டால் மகளை அனுப்பவே மாட்டேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீடுகளும் அப்படித்தான். ஆனால் அட்மிஷன் சமயத்தில் "கேமரா இருக்கு, ஆறு மணிக்கு கேட் மூடிடுவோம், பையன்களோடு பேசினால் ஃபைன்" என்று அவர்களிடம் விளம்பரம் செய்கிறவர்கள் நீங்கள். அதே வாயால் வேறு மாதிரியும் சொல்லலாம். வளாகம் முழுக்க விளக்கு இருக்கிறது, நூலகத்திலிருந்து விடுதிவரை பெண் காவலர் இருப்பார், பெண்களுக்கான உதவி எண் 181 எல்லாத் தளத்திலும் எழுதியிருக்கிறது, உங்கள் மகளுக்கு ஒன்று என்றால் இந்தக் குழு விசாரிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். பயந்த பெற்றோருக்கும் காதில் விழும்.

எங்களுக்கு இப்போது வேண்டியது பெரிய பட்டியல் ஒன்றுமில்லை. கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கும்போதே தாழ்ப்பாளும் மூடித் தொட்டியும் போட்டுவிடலாம். விடுதி நேரம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும். எத்தனை மணி என்பதை இரண்டு விடுதி மாணவர்களோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். குழுவுக்கான மாணவர் தேர்தலைப் பருவம் தொடங்கி ஒரு மாதத்துக்குள் நடத்துங்கள், வாக்குப்பெட்டி வாங்கும் செலவை நாங்களே ஏற்கிறோம்.

அடுத்து, புதிய முதலாமாண்டு மாணவர்கள் பெற்றோரோடு வந்து உட்காரும் அறிமுக விழாவில் எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். புகார்க் குழுவின் உறுப்பினர்கள் எல்லோரையும் அன்றைக்கு மேடை ஏற்றி, பெயரும் போன் நம்பரும் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். புகார் கொடுத்தால் மகளின் படிப்பு நிற்காது என்று முதல்வராகிய நீங்களே மைக்கில் சொல்லுங்கள், அப்பாக்கள் கேட்கும்படி. அதை ஜியோ டேக் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பிரச்சாரக் குழுவின் மாணவிகளும், எங்களோடு பெட்டி தூக்கிய மாணவர்களும்